மாத்திரைத் தட்டும் பதினோரு பாத்திரங்களும்

தனியாக வாழும் ஒருவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா இல்லையா என்பதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் குளிர்காலத்தில் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். இத்தனைக்கும் ஆர்வோ லத்வாலாவின் பின்மண்டையைத் தினம் இரண்டு வேளை பார்த்தபடி பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எங்கள் ஒன்பதாம் எண் பேருந்தை ஓட்டியவர் அவர்தான். பின்னாளில் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து இதை எழுதுகிறேன்.

ஆர்வோவுக்கு அப்போது அறுபத்தேழு வயது. சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் மிச்சிகன் முனையில், ஹெர்ரிங் பே ஊரின் கடைசித் தெருவில் அவர் வீடு. காலை ஐந்தேகாலுக்கு எழுந்து காபி போடுவார். அலமாரியிலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து மேசையில் வைப்பார். அதில் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து மாத்திரைகளைக் கொட்டுவார். மீன் எண்ணெய் மாத்திரை பொன்னிறமாக மின்னும். துத்தநாக மாத்திரை சுண்ணாம்புத் துண்டு போல இருக்கும். மஞ்சள் தூள் அடைத்த ஒன்று விரலில் கறை வைக்கும். மொத்தம் பதினேழு. சாப்பிடுவது எதுவானாலும் தட்டில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது அவர் மனைவி வெர்னாவின் கட்டளை. வெர்னா இறந்த பிறகும் அவர் அந்தக் கட்டளையை மீறவில்லை. தட்டில் இருந்தது மட்டும் மாறிவிட்டது.

மாத்திரைகளை விழுங்கி முடித்ததும் ஒரு துண்டு ரொட்டியை நின்றபடியே கடித்துக்கொண்டு பேருந்தை எடுக்கக் கிளம்புவார். மாலையில் டின் சூப். பகலில் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. இருபத்துமூன்று வகைச் சத்தும் இதிலேயே இருக்கிறது என்று பாட்டிலில் எழுதியிருக்கும்போது, அடுப்பைப் பற்றவைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தார்.

அவருக்குச் சமைக்கத் தெரியாது. அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீண்டிருக்காது. முன்கூடத்தில், பனிக்காலணிகள் வைக்கும் பலகைக்கு மேலே, பதினோரு பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எல்லாம் மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் காகித டேப் ஒட்டி, அதில் ஒரு பெயர் எழுதியிருந்தது.

வெர்னா இறந்த வாரம் தேவாலயத்துப் பெண்கள் கொண்டுவந்தவை அவை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்புக்கு இரண்டு வாரம் வேலை இருக்காது. உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்டது, முட்டைக்கோஸ், நூடுல்ஸ், பாலில் வேகவைத்த அரிசி என்று வாசலில் வந்துகொண்டே இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது. நாம் செய்த ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

ஆர்வோ பதினொன்றையும் தேய்த்துக் கழுவினார். பிறகு அவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடையில் பிஸ்கட் வாங்கிப் போட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்தார். கடைப் பிஸ்கட்டை ஐலா ருவோனாவின் பாத்திரத்தில் போட்டு ஐலா ருவோனாவிடமே நீட்டுவதை நினைத்ததும் காது சூடானது. ஒரு மாதம் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால், முடிந்ததும் கீழ்த்தளத்தில் காபி உண்டு. அந்த மேசையைச் சுற்றிப் பதினோரு பெண்களும் நிற்பார்கள். அவர்களில் ஒருத்திகூடப் பாத்திரத்தைப் பற்றிக் கேட்டதில்லை. அவர்கள் கேட்காமல் இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முதலில் காபிக்கு நிற்காமல் வந்தார். பிறகு ஆராதனைக்கே போகாமல் விட்டார். அதன் பிறகு மளிகைக் கடைக்கும் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனார். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

அந்த மூன்று வருடத்தில் அவர் காதில் விழுந்த மனிதக் குரல்கள் இரண்டு வகை. ஒன்று, பேருந்தில் நாங்கள்.

"மிஸ்டர் எல், ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டுங்க, என் மூக்கு கழண்டு விழுது!" என்று டெஸ்ஸா கத்துவாள். ஆறாம் வகுப்பு, வாய் மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு. லத்வாலா என்ற பெயரை நாங்கள் எல் என்று சுருக்கியிருந்தோம்.

"விழுந்தா எடுத்து வை. சாயந்தரம் இறங்கும்போது தர்றேன்" என்பார் ஆர்வோ, தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தபடி.

இன்னொரு குரல் ஷெல்பியுடையது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மதியம், தொலைபேசியில். அவள் எந்த ஊர்க்காரி என்று அவருக்குத் தெரியாது. தபாலில் சத்து மாத்திரை அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை செய்பவள்.

"ஆர்வோ! எப்படி இருக்கீங்க? அங்க இன்னும் பனி கொட்டுதா?"

"கொட்டுது. கதவைத் திறந்தா எதிர்ல இன்னொரு கதவு மாதிரி நிக்குது."

"ஐயய்யோ! நான் இங்க அரைக்கை சட்டையோட உக்காந்திருக்கேன். சரி, தூக்கம் எப்படி? போன தடவை தூக்கம் வரலைன்னு சொன்னீங்களே?"

அவள் எதிரே இருக்கும் திரையைப் பார்த்து வாசிக்கிறாள் என்பது தெரியாத அளவுக்கு அவர் ஏமாளி இல்லை. போன மாதம் சொன்னதை எங்கோ எழுதி வைத்திருக்கிறாள், அதுவும் தெரியும். எழுதியாவது வைத்திருக்கிறாளே என்று நினைத்தார். தூக்கம் வரவில்லை என்றதற்கு மெக்னீசியம் வந்தது. அசதியாக இருக்கிறது என்றதற்கு பி வைட்டமின்கள் எல்லாம் சேர்ந்த ஒரு பாட்டில் வந்தது. ஏதாவது ஒரு குறையைச் சொன்னால் பேச்சு பத்து நிமிடம் நீளும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் அவருக்கு மாதம் ஒரு குறை இருந்தது.

பிறகு நிஜமாகவே ஒரு குறை வந்தது. இரண்டாவது வருடக் கடைசியில், கால் விரல்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. குளிர் என்று நினைத்து இரண்டு ஜோடி காலுறை போட்டார். எறும்பு பாதத்துக்கு வந்தது. பிறகு எறும்பும் போய் மரத்துவிட்டது. குளித்துவிட்டு வரும்போது தரை ஈரமா காய்ந்ததா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது.

"அதுக்குன்னே ஒண்ணு இருக்கு ஆர்வோ! நரம்புக்கு" என்றாள் ஷெல்பி. "தினம் மூணு. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அடுத்த மாசம் நீங்களே சொல்லுவீங்க பாருங்க."

அடுத்த மாதம் கால் இன்னும் மோசமாக இருந்தது. பொறுமை வேண்டும், உடம்பில் ஏறவே ஆறு மாதம் ஆகும் என்றாள். ஆர்வோ பொறுமைசாலி. ஆறு மாதத்துக்கு மேலேயே பொறுத்துப் பார்த்தார்.

டாக்டரிடம் போகவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்களுக்கு வருடாவருடம் ஆகஸ்டில் உடல் பரிசோதனை உண்டு. அந்த ஆகஸ்டில் பாதத்தில் குச்சியால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகத் தெரிகிறது என்றார். அன்று அதிர்ஷ்டம் அவர் பக்கம் இருந்தது. உண்மையைச் சொன்னால் பேருந்து போய்விடும். பேருந்து போனால் அந்த வீட்டில் அவரும் பதினோரு பாத்திரங்களும் மட்டும்தான்.

பிப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. சுரங்க மேட்டிலிருந்து இறங்கும் சாலை நெடுஞ்சாலையில் முட்டும் இடத்தில் ஒரு நிறுத்தக் கோடு இருக்கிறது. ஆர்வோ பிரேக்கை மிதித்தார். மிதித்ததாகத்தான் நினைத்தார். பூட்ஸ் பெடலின் ஓரத்தில்தான் இருந்தது. கால் அதை அவருக்குச் சொல்லவில்லை. குனிந்து பார்த்து, காலை நகர்த்தி மறுபடி மிதிப்பதற்குள் பேருந்து கோட்டைத் தாண்டி, மூக்கை நெடுஞ்சாலைக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று ஒலிப்பானை அழுத்தியபடி வளைந்து போனது.

நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

"மிஸ்டர் எல், கோட்டைத் தாண்டிட்டீங்க! எங்க அப்பா பார்த்திருந்தா ஃபைன் எழுதியிருப்பாரு!" என்றாள் டெஸ்ஸா. அவள் அப்பா போலீஸ்காரர்.

ஆர்வோ கண்ணாடியில் எங்களையே பார்த்தார். பதினான்கு தொப்பிகள். அவர் எங்களை எண்ணியது அப்போது எங்களுக்குத் தெரியாது.

எல்லோரையும் பள்ளியில் இறக்கிவிட்டு, மணிக்குப் பத்து மைல் வேகத்தில் பேருந்தைப் பணிமனைக்கு ஓட்டிவந்தார். மேற்பார்வையாளர் டக் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

"என்ன லத்வாலா, இன்னைக்கு லேட்டு? கல்யாணம் பண்ணிக்கிட்டு வர்றியா?"

"டக், வெளிய வா."

"எண்ணெய் வடியுதுப்பா, அங்கிருந்தே சொல்லு."

"கால்ல உணர்ச்சி இல்ல. ஒரு வருஷமா. இன்னைக்குக் கோட்டைத் தாண்டிட்டேன்."

டக் வெளியே வந்தார். ஆர்வோ நீட்டிய சாவியை உடனே வாங்கவில்லை. கையை ஒரு துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். "பசங்க?" என்றார்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல."

"சரி." சாவியை வாங்கிக்கொண்டார். "ஒரு காபி குடிச்சிட்டுப் போறியா?"

"வேணாம். யாரையாவது என்னை வேன்ல வீட்ல விடச் சொல்லு. இனிமே நான் ஓட்டக் கூடாது."

ஊர் மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை. பி பன்னிரண்டு வைட்டமின் குறைவில்லை. தைராய்டும் சரியாக இருந்தது. அங்கிருந்த செவிலி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, மருந்து ஒன்றும் இல்லை, சத்து மாத்திரைதான் என்றார். எத்தனை என்று கேட்டாள். விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து, இரண்டு கையும் போதாமல் நிறுத்தினார். "எல்லா பாட்டிலையும் அள்ளிக்கிட்டு மருந்துக்கடைல மார்லாகிட்ட காட்டுங்க. ஒண்ணையும் விட்டுடாதீங்க" என்றாள் அவள்.

வீட்டில் பை கிடைக்கவில்லை. ஒன்பது பாட்டில்களும் நிற்கக்கூடியதாக, அடுக்கிலிருந்த மிகப் பெரிய பாத்திரத்தை எடுத்தார். அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

மருந்துக்கடையை நடத்தும் மார்லா, நாற்பதைத் தாண்டியவள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். கடைசிப் பாட்டிலை எடுத்ததும் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியிலிருந்த டேப் தெரிந்தது. அவள் அதைப் பார்த்ததை ஆர்வோவும் பார்த்தார். அவள் பாட்டில்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காலையில என்ன சாப்பிடுறீங்க ஆர்வோ?"

"இதான்."

"இது போக?"

"ரொட்டி."

"பழம் எதாவது?"

"அந்த ஆரஞ்சு மாத்திரை இருக்குல்ல. மெல்லுறது."

மார்லா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து, பாட்டில்களின் பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்து, நான்கு பாட்டில் மூடிகளின் மேல் மட்டும் பெரிதாக எண்களை எழுதினாள். பலசத்து மாத்திரையில் ஆறு. பி வைட்டமின் பாட்டிலில் நூறு. தூக்கத்துக்கான மெக்னீசியத்தில் இருபத்தைந்து. நரம்பு மாத்திரையின் மூடியில் முப்பத்தைந்து என்று எழுதிவிட்டு, "இது தினம் எத்தனை?" என்று கேட்டாள்.

"மூணு."

முப்பத்தைந்தை அடித்துவிட்டு நூற்றைந்து என்று எழுதினாள். "எல்லாத்துலயும் பி ஆறுன்னு ஒரு வைட்டமின் இருக்கு. இந்த நாலையும் கூட்டுங்க."

ஆர்வோ கூட்டினார். "இருநூத்தி முப்பத்தாறு."

"மில்லிகிராம். உங்க வயசுக்கு ஒரு நாளைக்கு ரெண்டுகூட வேணாம். நூறைத் தாண்டவே கூடாதும்பாங்க. அதுக்குக் கீழேயே சிலருக்கு ஒத்துக்கிறதில்ல. இது அதிகமானா என்ன ஆகும் தெரியுமா? பாதம் மரத்துப்போகும்."

ஆர்வோ நரம்பு மாத்திரைப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மரத்துப்போச்சுன்னுதானே இதை வாங்கினேன்."

"ஆமா."

ஆர்வோ அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"மட்டமான கம்பெனியா?" என்று கேட்டார் ஆர்வோ.

"அப்படியிருந்தா தப்பிச்சிருப்பீங்க. இந்த முத்திரையைப் பாருங்க. வெளியாளுங்க சோதிச்சு, மேல எழுதியிருக்கிறதுதான் உள்ள இருக்குன்னு சொல்றது. நல்ல சரக்குதான், சரியா அளந்து போட்டிருக்கான். நீங்க அதே சத்தை நாலு பேர்ல நாலு தடவை வாங்கியிருக்கீங்க. இந்த மஞ்சள்தூள் டப்பாதான் மட்டம். தனிக் கலவைன்னு போட்டு எது எவ்வளவுன்னே சொல்லல. சொல்லாதவன்கிட்ட வாங்காதீங்க." பேனாவை மூடினாள். "காலுக்கு இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண நான் டாக்டர் இல்ல. இப்பவே கிளினிக்குக்கு போன் பண்றேன், ரத்தத்துல இதோட அளவைப் பார்க்கச் சொல்றேன். ஆனா இந்த நாலும் இன்னையோட நிக்கணும்."

"நிறுத்தினா சரியாகுமா?"

"நரம்பு மெதுவாத்தான் வரும். மாசக்கணக்காகும். முழுசா வருமான்னு யாராலயும் சொல்ல முடியாது."

வைட்டமின் டி பாட்டிலை மட்டும் அவர் பக்கம் தள்ளினாள். "இது இருக்கட்டும். இந்த ஊர்ல பிப்ரவரியில வெயிலுக்கு எங்க போவீங்க? மத்ததையெல்லாம் சாப்பாட்டுல எடுத்துக்கங்க. மீன், முட்டை, பீன்ஸ், முட்டைக்கோஸ். ஒரு ஆரஞ்சை உரிச்சுத் தின்னுங்க. அதுல இருக்கிறதெல்லாம் அளவுக்கு மீறிப் போகணும்னா நீங்க ஒரு மாட்டு வண்டி நிறையத் தின்னணும்."

காலியான கண்ணாடிப் பாத்திரம் மேசையில் இருந்தது. மார்லா அதைத் தொட்டாள். "இது எங்க அம்மாவோடது."

"தெரியும். இப்பதான் தெரிஞ்சது." ஆர்வோவின் காது மறுபடி சூடானது. "ஐலா இதைக் கேட்டாங்களா?"

"பாத்திரத்தைக் கேக்கல. ஆர்வோ ஏன் காபிக்கு வர்றதில்லன்னு கேப்பாங்க."

"மொத்தம் பதினொண்ணு இருக்கு."

மார்லா இந்த ஊர்க்காரி. அதனால் அவருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. "வேணும்னா இதை நான் எடுத்துட்டுப் போய்க் குடுத்துடவா?" என்றாள்.

"காலியாவா?"

மார்லா யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்று பாத்திரத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

ரத்தப் பரிசோதனை மார்லா சொன்னதையே சொன்னது. மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது.

"ஆர்வோ! கால் எப்படி இருக்கு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நான்கு மூடிகள், எண்கள், பேருந்து, சாவி. முதல் முறையாக, இட்டுக்கட்டாமல் ஒரு நீளமான குறை அவரிடம் இருந்தது.

"எனக்கு அது தெரியாது ஆர்வோ" என்றாள் ஷெல்பி. அந்தக் குரல் எதையும் பார்த்து வாசிக்கவில்லை. "நிஜமா தெரியாது. நான் கம்பெனியில சொல்றேன்."

"உன்மேல கோபம் இல்லம்மா. இனிமே அனுப்ப வேணாம்."

"சரி. உடம்பைப் பார்த்துக்கங்க."

அதோடு முடிந்தது. அவர் சொல்லி முடித்த பிறகு பேச்சு ஒரு நிமிடம்கூட நீளவில்லை. ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை மதியம் அவர் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வரப்போவதில்லை என்று தெரிந்தும் உட்கார்ந்திருந்தார். தினமும் மூன்று பத்துக்கு ஒன்பதாம் எண் பேருந்து தெருமுனையைக் கடக்கும். ஜன்னலில் நின்று பார்ப்பார். ஓட்டுவது யாரென்று தெரியாது. வளைவில் கொஞ்சம் அதிக வேகம் என்பது மட்டும் தெரியும்.

மாத்திரை இல்லாத காலைத் தட்டு சங்கடமாக இருந்தது. முதல் நாள் அதில் ஒரு ஆரஞ்சை வைத்தார். அதை உரித்துத் தின்னப் பத்து நிமிடம் ஆனது. பதினேழு மாத்திரையை ஒரு நிமிடத்தில் முடித்தவருக்கு, சாப்பிட இவ்வளவு நேரம் ஆகும் என்பதே மறந்துபோயிருந்தது. அந்தப் பத்து நிமிடமும் எதிர் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்க்க வேண்டியிருந்தது. மாத்திரை விழுங்கிய நாட்களில் அவர் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

முட்டை வேகவைத்தார். பிறகு பீன்ஸ். துணிச்சல் வந்ததும், வெர்னா வாரம் ஒரு முறை செய்த மீன் மொயாக்காவில் கை வைத்தார். ஏரி மீனும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டு, பால் ஊற்றிக் கொதிக்கவைப்பது. முதல் தடவை பால் அடிபிடித்தது. இரண்டாம் தடவை மீன் கரைந்து காணாமல் போனது. மிளகு போன்ற ஆல்ஸ்பைஸ் மணிகள் எத்தனை போடுவது என்று தெரியவில்லை. பிறகுதான் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் வாயில் அகப்பட்ட கறுப்பு மணிகளைத் தட்டின் விளிம்பில் இருவரும் ஒதுக்கி வைப்பார்கள். யார் தட்டில் அதிகம் என்று அவர் எண்ணுவார். இரண்டு தட்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. மூன்றாம் தடவை ஒன்பது மணி போட்டார்.

அந்த மொயாக்கா சரியாக வந்தது. அதை ஐலாவின் பாத்திரத்தில் ஊற்றி, மூடியைக் கயிற்றால் கட்டினார். வண்டி ஓட்டக் கூடாது. கொட்டகையில் இருந்த பழைய பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் பாத்திரத்தை வைத்து, சுற்றிலும் கம்பளத்தைத் திணித்து, பனியில் வழுக்காமலிருக்கப் பூட்ஸில் ஆணிப்பட்டை மாட்டிக்கொண்டு, இழுத்துக்கொண்டே நடந்தார். ஏப்ரல் ஆகியும் சாலையோரம் இடுப்பளவு பனி. ஐலாவின் வீடு ஒரு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். கால் எங்கே ஊன்றுகிறது என்று தெரியாததால் ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பாதி வழியில் எங்கள் பேருந்து அவரைக் கடந்தது. டெஸ்ஸா ஜன்னலை இறக்கிவிட்டாள்.

"மிஸ்டர் எல்! என்ன இழுக்குறீங்க?"

"மீன்!"

"உயிரோடயா?"

அவர் சொன்ன பதில் எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் கையை உயர்த்தியது தெரிந்தது. பேருந்து வளைவில் மறையும்வரை கை இறங்கவில்லை.

ஐலா ருவோனாவுக்கு எழுபத்தெட்டு வயது. கதவைத் திறந்து, அவரையும் பலகையையும் மேலும் கீழும் பார்த்தார்.

"லத்வாலாவா? மூணு வருஷம்! என் பாத்திரம் செத்துப்போச்சுன்னு நெனச்சு அதுக்குப் பூ வெக்கலாம்னு இருந்தேன்."

"காலியா கொண்டுவர முடியல ஐலா."

"பின்ன? காலியா கொண்டுவந்திருந்தா கதவைத் தொறந்திருக்க மாட்டேன். உள்ள வா, குளிரை எல்லாம் வீட்டுக்குள்ள விடாத."

மூடியைத் திறந்தார். மேலே பாலாடை கட்டி ஆறிப்போயிருந்தது. அடுப்பில் ஏற்றிச் சூடாக்கி, நின்றபடியே ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். ஆர்வோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பரிசோதனை மேசையில் பாதத்தைக் காட்டியபோது இருந்ததைவிட அதிகப் பயத்தோடு நின்றார்.

"உப்பு ஜாஸ்தி" என்றார் ஐலா.

"தெரியும்."

"வெர்னா இன்னும் ஜாஸ்தி போடுவா."

அந்தப் பெயரை வேறொருவர் வாயால் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆர்வோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐலா இரண்டு கிண்ணம் எடுத்துவைத்தார். இருவரும் சாப்பிட்டார்கள். கிண்ணத்தின் விளிம்பில் கறுப்பு மணிகள் சேர்ந்தன. ஐலாவிடம் நான்கு, அவரிடம் மூன்று. பாத்திரத்தில் இன்னும் மீதம் இருந்தது.

"மத்த பத்துப் பேருக்கும் இதேதானா?" என்று கேட்டார் ஐலா.

"எனக்கு இது ஒண்ணுதான் வரும்."

"பேட்ரிசியாவுக்கு மட்டும் வேற எதாவது செய். அவளுக்கு மீன் ஆகாது, மூஞ்சி வீங்கிடும். பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கிறேன்னு ஆளைக் கொன்னுடாத."

இதுவரை ஐந்து பாத்திரங்கள் போயிருக்கின்றன. ஆர்வோவின் இடது கால் ஏறக்குறைய திரும்பிவிட்டது. வலது காலில் மூன்று விரல்கள் இன்னும் வரவில்லை. வராமலே போகலாம் என்கிறார்கள். ஆகஸ்டு பரிசோதனையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னார். பேருந்து அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நான் பள்ளியை முடித்துவிட்டேன், ஒன்பதாம் எண்ணில் இப்போது நானும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காபிக்குச் சில வாரம் போகிறார், சில வாரம் போவதில்லை. முன்கூடத்தில் ஆறு பாத்திரங்கள் மிச்சம் இருக்கின்றன. அவசரப்பட்டு எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிட்டால் பிறகு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். வீட்டில் சத்து மாத்திரைப் பாட்டில்களை அடுக்கி வைத்திருக்கும் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவருக்கு முதலில் சொல்லுங்கள். அவர் பாட்டில்களைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். உங்கள் பாத்திரம் யார் வீட்டிலாவது பல நாளாகத் திரும்பாமல் இருந்தால், இந்தக் கதையைச் சொல்ல அந்த வீட்டுக்கே போங்கள்.